கையின் கனம்

திருக்கடையூரில் கோயிலுக்குச் செல்லும் வீதியில் நமக்கு ஒரு சிறு கடை உண்டு. எழுதுபொருள்களும் சில்லறைச் சாமான்களும் விற்கிறோம். கடையில் அமர்ந்தபடியே நாள்தோறும் மணமக்களைப் பார்க்கலாம். மணமகனுக்கு வயது அறுபது. சில நாள்களில் எண்பது. எமன் தோற்ற தலம் என்பது சைவப் பெருமக்களின் நம்பிக்கை. ஆதலால் ஆயுளை வேண்டி நாலா திசைகளிலிருந்தும் வந்து, மக்களும் பேரர்களும் சூழ மீண்டும் ஒருமுறை மாலை மாற்றிக்கொள்கிறார்கள். சடங்கு முடிந்ததும் வீதியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். படம் பிடிப்பவர், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்பார். பட்டுடுத்திய அந்த அம்மையார் சிரிக்கத் தொடங்கி, ஏதோ நினைவு வந்தவர்போல் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்வார். ஆண்டுக்கணக்காக இதைப் பார்த்து வந்தோம். நாணம் என்றே எண்ணியிருந்தோம். நம் பல்லுக்கு ஒரு கேடு வந்த பிறகுதான் அந்த முந்தானையின் பொருள் விளங்கிற்று.

கேடு தெரிந்தது ஒரு மார்கழி விடியலில். ஸுப்ஹுத் தொழுகைக்கு ஒளூச் செய்யத் தொட்டி நீரை அள்ளி வாயிலிட்டுக் கொப்பளித்தோம். மேல்வரிசைப் பல்லின் அடியில் ஊசியை ஏற்றியதுபோல் ஒரு வலி மண்டை வரைக்கும் பாய்ந்தது. மூன்று முறை கொப்பளிப்பது சுன்னத்து. இரண்டாம் முறை நீரை வாயின் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டோம். மூன்றாம் முறைக்குத் துணிவு வரவில்லை. விடிந்ததும் கண்ணாடியை எடுத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தோம். பற்கள் நீண்டிருந்தன. நம் இல்லாளிடம் காட்டியபோது, "வயசானா எல்லாருக்கும் பல்லு நீளத்தானேங்க செய்யும்" என்றார்கள். பல் எங்கே நீண்டது? ஈறு இறங்கி, மண்ணுக்குள் இருக்க வேண்டிய வேர் வெளியே வந்து நிற்கிறது. ஆற்றங்கரைத் தென்னையின் அடி மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றபின் மரம் எப்படி நிற்குமோ, அப்படி நின்றன நம் பற்கள்.

அன்று நமக்கு வலியைவிட அத்தாவின் நினைவே பெரிதாக வந்தது.

அத்தா ஆக்கூரில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவர்கள். பள்ளியில் இமாம் வராத நாள்களில் முன்னின்று தொழவைப்பதும் அவர்களே. நாவின் நுனியை மேல் முன்பற்களின் விளிம்பில் வைத்தாலன்றிச் சரியாக ஒலிக்காத எழுத்துகள் அரபியில் மூன்று உள்ளன. மேற்பற்கள் கீழுதட்டின் உட்புறத்தைத் தொட்டாலன்றிப் பிறவாதது 'ஃபே' என்னும் எழுத்து. பிள்ளைகளின் வாயருகே குனிந்து, தம் நாவையும் பல்லையும் காட்டி, ஒவ்வொன்றையும் நூறு முறை சொல்லவைப்பார்கள். ஐம்பது வயதைக் கடந்தபின் அவர்களுடைய முன்பற்கள் ஆடத் தொடங்கின. ஒன்று விழுந்தது, அடுத்த ஆண்டில் மற்றொன்று. ஒருநாள் மஃரிபுத் தொழுகையில் முன்னிற்க அழைத்தபோது, "வேறு யாராவது நில்லுங்க, எனக்கு எழுத்து பிசகுது" என்று சொல்லிப் பின்வரிசைக்குச் சென்றுவிட்டார்கள். அதன்பின் அவர்கள் முன்னின்று நாம் கண்டதில்லை. பிள்ளைகளை மட்டும் சில காலம் ஓதவைத்தார்கள். தவறாக ஒலிக்கும் பிள்ளையைத் திருத்த வாய் திறப்பார்கள், காற்றுத்தான் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் நம் காதில் இருக்கிறது.

அத்தா பல்லைப் பேணாதவர்கள் அல்லர். நம் வீட்டில் நன்னி உமிக்கரி செய்து வைப்பது வழக்கம். அறுவடை முடிந்து நெல் குத்தியபின் உமியைக் குவித்து நெருப்பிட்டு, புகைந்து கருகிய பக்குவத்தில் நீர் தெளித்து அணைத்து, உப்பும் இரண்டு கிராம்பும் சேர்த்து இடித்துப் பழைய டப்பாவில் அடைத்து வைப்பார்கள். நெல் விளையும் இந்தக் காவிரிக் கடைமடையில் உமிக்கரி இல்லாத வீடு அன்று ஏது? அத்தா ஆட்காட்டி விரலால் அதைத் தொட்டு, பாத்திரம் விளக்குவதுபோல் பல்லைத் தேய்ப்பார்கள். கொல்லைப்புறத்தில் அந்த ஓசை கேட்டே நாங்கள் விழித்ததுண்டு. நாமும் அப்படியே தேய்க்கக் கற்றோம். பல் துலக்குவதில் எவ்வளவு கனம் கொடுக்கிறோமோ அவ்வளவு தூய்மை என்பது நம் குடும்பத்தின் கொள்கையாகவே இருந்தது.

மாயவரத்தில் (பெயர் 1982-இல் மயிலாடுதுறை ஆகிவிட்டது, நம் வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை) பல் மருத்துவம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் சென்றோம். துணைக்கு இல்லாளும் வந்தார்கள். டாக்டரம்மா, மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் வைத்து அளந்தார். மேல்வாய்க் கோரைப்பல்லில் ஈறு 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. "ஐயா எதால் துலக்குகிறீர்கள்?" என்று கேட்டார். சற்றுப் பெருமையோடுதான் சொன்னோம்: காலையில் உமிக்கரி, இரவில் கெட்டித் தூவிப் பிரஷ், ஐவேளை ஒளூவின்போதும் மிஸ்வாக்.

"அழுக்கே இல்லை ஐயா. உங்கள் கைதான் உங்களுக்குப் பகை" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை நமக்குப் புரிந்த அளவில் எழுதுகிறோம். பல்லின் வெளித்தெரியும் பகுதிக்கு எனாமல் என்னும் கவசம் உண்டு. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். வேருக்கு அந்தக் கவசம் கிடையாது. அதன்மீது இருப்பது மெல்லிய பூச்சு ஒன்றே. அது தேய்ந்தால் உள்ளிருக்கும் மென்மையான பகுதி திறந்துகொள்ளும். அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களின் வழியே குளிர்ச்சி நரம்பைத் தொடும். மார்கழி நீர் நம்மைத் தண்டித்தது இவ்வாறே. உமியை முற்ற எரித்தால் மிஞ்சும் சாம்பலில் 10-இல் ஏறத்தாழ 9 பங்கு சிலிக்கா. ஆற்று மணலிலும் பெரும்பகுதி அதே பொருள்தான். கவசமுள்ள பல்லே அதனால் தேயும் என்றால், வேர் என்ன ஆகும்? ஈறோ, தன்மீது நாள்தோறும் உராயும் கனத்துக்குப் பின்வாங்கிக்கொண்டே போகும்.

"இறங்கியது மீண்டும் ஏறுமா?" என்று கேட்டோம். "தானாக ஏறாது. மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டும் சிகிச்சை உண்டு. அதுவும் எல்லாப் பல்லுக்கும் பொருந்தாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் உங்களுக்கு அதுவே போதும்" என்றார். நம்மிடம் மறைக்காமல் சொன்ன அந்தச் சொல்லுக்கு நன்றியுடையோம்.

பேச்சு முடிந்து எழும்போது டாக்டரம்மா, "அம்மாவையும் பார்த்துவிடலாமே" என்றார். நம் இல்லாள் பல்லில் வலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை சீவலும் ஒரு துண்டுப் புகையிலையும் அவர்களுக்கு நாற்பது ஆண்டு வழக்கம். பல் துலக்குவது காலையில் மட்டும், அதுவும் பெயரளவுக்கு. அவர்கள் கீழ்ப்பற்களின் உட்புறத்தில் காரை கல்லாக இறுகியிருந்தது. கம்பி பட்ட இடமெல்லாம் இரத்தம் கசிந்தது. ஈறு நம்மைவிட அதிகமாக இறங்கியிருந்தது. கீழ் முன்பல் ஒன்று ஆடவும் தொடங்கியிருந்தது. துலக்கித் துலக்கி ஒருவர் ஈற்றைத் தேய்த்தோம்; துலக்காமல் ஒருவர் இழந்தார்கள். ஒரே வீட்டில் ஒரே கேட்டுக்கு இரண்டு வழிகள்!

இதைப் பின்னர் நம் மகனிடம் சொன்னபோது, அவன் தேடித் தந்த செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. நம் வீட்டில் நடந்ததை உலகம் பெரிய அளவில் அளந்தே பார்த்திருக்கிறது. அதுவும் நம் மக்களின் வாயில். நார்வே நாட்டவரான ஹெரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும், இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களை 1970-இல் பரிசோதித்தனர். எல்லோரும் ஆண்கள், 14 முதல் 31 வயது வரையினர். நம் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள். பிரஷ், பற்பசை என்னும் முறைகள் அவர்களிடம் இல்லை. பல் மருத்துவரும் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். 1985 வரை அவர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, கண்டதை 1986-இல் வெளியிட்டனர். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு நோய் மிக விரைவாகப் பரவி, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின. 81 பேருக்கு மெதுவாகப் பரவியது. 11 பேருக்கோ ஈற்றில் அழற்சி இருந்தும் அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை. "எங்கள் பாட்டனார் பல்லே துலக்காமல் தொண்ணூறு வயது வரை கரும்பு கடித்தார்" என்று கடைக்கு வருவோர் சிலர் வாதிடுவதுண்டு. அந்தப் பாட்டனார் பதினொருவரில் ஒருவராயிருக்க வேண்டும்.

நம்மைத் தொட்டது இதைத் தொடர்ந்து 1992-இல் வந்த கட்டுரை. அதில் இத்தொழிலாளர்களின் ஈறு இறக்கத்தை நார்வேயின் படித்த, பல் துலக்கும் பழக்கமுடைய ஆடவர்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். தொழிலாளர்களுக்கு 40 வயதுக்குள் ஒருவர் தவறாமல் ஈறு இறங்கியிருந்தது. பல்லின் முன்புறம், உட்புறம், இடுக்கு என எல்லாப் பக்கமும். நார்வேக்காரர்களுக்கோ 20 வயதிலேயே நூற்றுக்கு 60 பேருக்குமேல் இறங்கியிருந்தது. ஆனால் அவர்களுக்கு இறங்கியது கன்னத்தை நோக்கிய வெளிப்புறத்தில். பிரஷ் எங்கே கனமாக விழுமோ, அங்கே! நம் இல்லாள் தோட்டத் தொழிலாளியின் வரிசையில். நாம் நார்வேக்காரரின் வரிசையில். ஒன்றை மட்டும் இங்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அந்த ஏழைகளின் வாயில் அளவு கம்பி நுழைந்து வெளிவந்திருக்கிறது. உலகத்துக்குக் கிடைத்த அறிவு பெரிது. அந்த எட்டுப் பேருக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை.

அதே லோ, அதற்கு முன்னர் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் பணியாற்றியபோது இன்னொரு சோதனை செய்தார். (நம் ஊரிலிருந்து சில கல் தொலைவில் தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டிய டேனியரின் நாடுதான் அது.) நல்ல ஈறு உடைய 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணிந்தது. 1965-இல் வெளிவந்த இச்செய்தியைச் சொல்லித்தான் நம் இல்லாளைத் தேற்றினோம். இறங்கியது ஏறாது, கசிவது நிற்கும்.

இனி மிஸ்வாக்குக்கு வருவோம். டாக்டரம்மா சொன்னதை ஜும்ஆவுக்குப் பின் பள்ளியின் திண்ணையில் நண்பர்களிடம் பகிர்ந்துகொண்டபோது பெரும் சச்சரவு எழுந்தது. "பாய், சுன்னத்தைக் குறை சொல்ற டாக்டர் கிட்ட ஏன் போறீங்க?" என்றார் ஒருவர். காரைக்காலிலிருந்து வந்திருந்த நம் சம்பந்தி ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். நோன்பு நாளில் நண்பகலுக்குப் பின் குச்சியைச் சட்டைப்பையில் வைத்துவிடுபவர். நாமோ ஹனஃபி, மாலை வரை கடிப்போம். அவர் சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு ஆண்டில் ஒரு மாதமாவது ஈற்றுக்கு ஓய்வு" என்றார். சிரிப்பில் சச்சரவு தணிந்தது, ஐயம் தணியவில்லை. சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற எண்ணம் இல்லையாயின் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்கும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, அந்தக் குச்சியே நமக்குத் தீங்கு செய்யுமா?

ஊரில் ஓதிய ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். அவர் புன்னகையோடு இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கத்தை எடுத்துச் சொன்னார்கள். கி.பி. 1277-இல் மறைந்த அப்பேரறிஞர், பல் துலக்கும் குச்சி நடுத்தரமாக இருக்க வேண்டும் என்கிறார்கள்: புண்படுத்தும் அளவுக்கு உலர்ந்ததும் ஆகாது, அழுக்கை எடுக்காத அளவுக்கு ஈரமானதும் ஆகாது. ஈற்றில் இரத்தம் வரும்படி துலக்கலாகாது என்ற கவனமும் அவ்விளக்கத்தில் இருக்கிறது. நமக்குத் தலை குனிந்துவிட்டது. நாகூரில் வாங்கிய குச்சியைக் கடைப் பலகையில் மாதக்கணக்கில் காயவைத்து, விறகுபோன்ற அதைக் கொண்டு பல்லை அறுத்துக் கொண்டிருந்தவர்கள் நாம். 1991-இல் வந்த ஓர் ஆய்வும், மிஸ்வாக் பயன்படுத்துவோருக்குப் பிரஷ் பயன்படுத்துவோரைவிட ஈறு இறக்கம் அதிகம் என்று கண்டதாக மகன் சொன்னான். சங்கப் புலவர்கள் உகாய் என்று பாடிய மரத்தின் வேர்தான் மிஸ்வாக். அந்த வேரில் குற்றம் இல்லை. பிடித்த கையில்தான் இருந்தது.

அதற்குப் பின் நம் வீட்டு நடைமுறை மாறிற்று. உமிக்கரி டப்பா பாத்திரம் துலக்கப் போய்விட்டது. நன்னி கைப்பட இடித்தது அல்லவாயினும், அதை எடுத்துக் கொடுக்கும்போது மனம் கொஞ்சம் வலித்தது. காலையில் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் படுக்குமுன் ஒருமுறை, மென்மையான தூவி உள்ள பிரஷ். ஃபுளோரைடு கலந்த பசை பட்டாணி அளவு. பிரஷைக் கைப்பிடியாகப் பற்றாமல் பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. முஷ்டியில் இருக்கும் கனம் விரலில் வராது. தூவிகளை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே மெல்ல அசைத்து, பின் பல்லின் நுனியை நோக்கி வழித்துவிட வேண்டும். சார்லஸ் பாஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையைத் தழுவியது இது. 1912-இல் மலேரியாக் கிருமியை உடலுக்கு வெளியே முதன்முதலில் வளர்த்துக் காட்டிய அதே பாஸ், தம் முதுமையைப் பிரஷுக்கும் பல்லிடை நூலுக்குமே செலவிட்டார். எல்லாப் பல்லையும் சுற்றி வர இரண்டு நிமிடம் ஆகும். முதல் வாரத்தில் அந்த இரண்டு நிமிடம் தராவீஹைப்போல் நீண்டது. கடையில் பிரஷ் வாங்க வருவோரிடம், கெட்டித் தூவிதான் நன்றாக அழுக்கெடுக்கும் என்று நாமே எத்தனை ஆண்டுகள் சொல்லி விற்றோம் என்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஈறு இறங்கிய பற்களின் இடுக்கில் சோறு தங்கும். அங்கே பிரஷ் போகாது. அதற்கென்று ஊசிபோன்ற கம்பியில் தூவி சுற்றிய சிறு பிரஷ் கிடைக்கிறது. இரவில் மட்டும் அதை ஒவ்வோர் இடுக்கிலும் ஒருமுறை நுழைத்து எடுக்கிறோம். முன்னர்க் குண்டூசியால் குத்தி எடுத்தோம்; அதை எழுதவே நாணமாயிருக்கிறது. மிஸ்வாக்கை விடவில்லை. நுனியை இரவில் நீரில் ஊறவைத்து, அரை அங்குலம் மென்று பஞ்சாக்கி, முரடான நாரை நாள்தோறும் நறுக்கிவிட்டு, தொழுகைக்கு முன் மெல்லத் தொட்டு எடுக்கிறோம். நாவுக்கும் அதுவே.

இல்லாளுக்குக் காரை எடுக்க மூன்று முறை போக வேண்டியிருந்தது. இரும்பு பட்டால் பல் ஆடிவிடும் என்று அஞ்சினார்கள். குர்துபாவின் மருத்துவ மேதை அபுல் காஸிம் ஸஹ்ராவீ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நோயாளியின் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, வகைவகையான சுரண்டிகளால் காரையை எடுக்கும் முறையைப் படத்தோடு எழுதி வைத்ததையும், ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாளும் தொடர வேண்டும் என்று அவர் சொன்னதையும் எடுத்துரைத்தோம். "அவரு மடியில வச்சாரு, இந்தப் பொண்ணு நாற்காலியிலல்ல சாய்க்குது" என்று சொன்னாலும் போய் அமர்ந்தார்கள். ஆடிய பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றவை நின்றன. புகையிலையை நிறுத்தினார்கள், நமக்குத் தெரிந்த வரையில். வெற்றிலை வெள்ளிக்கிழமை மட்டும் என்று சுருங்கிற்று. சர்க்கரை நோய் அவர்களுக்கு உண்டு. ஈறு கெட்டால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும் என்று அறிந்ததிலிருந்து மாத்திரையும் பிரஷும் ஒரே மாடத்தில் இருக்கின்றன.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாயவரம் போகிறோம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சென்ற மாதம் அந்தக் கம்பி மீண்டும் நம் கோரைப்பல்லின் ஓரத்தில் நின்றது. 4 மில்லிமீட்டர், கூடவில்லை, குறையவும் இல்லை. மார்கழித் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கடிக்கிறது. மூன்று முறை கொப்பளிக்க முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

மாலையில் பேரனுக்கு ஓதிக் கொடுக்கிறோம். அவனுக்கு வயது ஏழு. மேல் முன்பற்கள் இரண்டும் சென்ற மாதம் விழுந்துவிட்டன. 'ஃபே' சொல் என்றால் காற்றுத்தான் வருகிறது. தானே சிரித்துக்கொண்டு, "நன்னா, நீங்க சொல்லுங்க" என்கிறான். அவன் வாயருகே குனிந்து, மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்துக் காட்டுகிறோம். அவனுடைய ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒரு கோடு எட்டிப் பார்க்கிறது. இன்னும் சில வாரத்தில் வந்துவிடும். அதுவரை நாம் சொல்ல, அவன் கேட்டுக்கொள்கிறான்.